பரண்ல கிடந்த ஸ்பெக்ட்ரம்: பிளக்கைச் சொருகறதுக்கு முன்னாடி

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட்ல கிளவுட் இல்ல, ஏஐ இல்ல, இன்டர்வியூ டிப்ஸும் இல்ல. நாற்பது வருஷப் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்னை எப்படி நோய் கண்டுபிடிச்சு சரி பண்றதுங்கறதைத்தான் பேசப் போறோம். ஹார்டுவேர் தெரியாதேன்னு ஓடிடாதீங்க. நானும் காலேஜ்ல படிச்சதோட மல்டிமீட்டரைப் பல வருஷம் தொடாதவன்தான். நாம தினமும் பண்ற டீபக்கிங்தான் இது. ஒரே வித்தியாசம், இங்க அண்டூ கிடையாது.

பழைய மெஷின் ஒன்னு கைக்கு வந்தா எல்லாரும் முதல்ல செய்யறது பிளக்கைச் சொருகிப் பார்க்கறது. அதைத்தான் செய்யக் கூடாது. ஏன்னு சொல்றேன்.

மெஷினும் அதோட சொந்தக்காரரும்

என் டீம் லீடோட அப்பா 80-கள்ல குவைத்ல எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் வேலையில இருந்தவர். 1984-ல அங்க ஒரு கடையில சின்க்ளேர் இசட் எக்ஸ் ஸ்பெக்ட்ரம் வாங்கியிருக்கார். 48 கே மாடல், ரப்பர் கீ வச்சது. அடுத்தடுத்த லீவுல வரும்போது அதையும் நாலஞ்சு கேசட்டையும் ஊருக்குக் கொண்டு வந்திருக்கார். அப்புறம் வீடு மாறி வீடு மாறி, கடைசியில சென்னை வீட்டுப் பரண்ல ஒரு பிஸ்கட் டின்னுக்குப் பக்கத்துல கிடந்திருக்கு. டீம் லீட் எங்கிட்டக் கேட்டது மெஷினைப் பத்திக்கூட இல்ல. "அப்பா எனக்காக ஒரு ப்ரோக்ராம் எழுதினார், ஒரு கேசட்ல இருக்கு. அதை ஓட்ட முடியுமா?"ன்னுதான் கேட்டாங்க.

இப்போ நீங்க கேக்கலாம், எமுலேட்டர்ல போட்டுக்கலாமேன்னு. பிரபலமான கேம்னா இன்டர்நெட்ல கிடைக்கும். ஒருத்தர் தன் பொண்ணுக்காக எழுதின ப்ரோக்ராம் எந்த சர்வர்லயும் கிடையாது. உலகத்துலயே ஒரே காப்பி, அதுவும் ஒரு காந்த நாடாவுல.

ஸ்பெக்ட்ரம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 1982 ஏப்ரல்ல இங்கிலாந்துல வந்துச்சு. 16 கே 125 பவுண்ட், 48 கே 175 பவுண்ட். இசட்80ஏ பிராசஸர், 3.5 மெகாஹெர்ட்ஸ். ஹார்டுவேர் டிசைன் ரிச்சர்ட் ஆல்ட்வாசர், உள்ள இருக்கற பேசிக் எழுதினது ஸ்டீவ் விக்கர்ஸ். ஸ்காட்லாந்துல டண்டீங்கற ஊர்ல டைமெக்ஸ் ஃபேக்டரியில செஞ்சாங்க. டிவிதான் மானிட்டர், டேப் ரெக்கார்டர்தான் ஹார்ட் டிஸ்க். நம்ம ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு 1984-ல மத்திய அரசோட கிளாஸ் திட்டத்துல வந்தது இதோட போட்டியாளர் பிபிசி மைக்ரோ. ஸ்பெக்ட்ரம் இந்த மாதிரி சூட்கேஸ்லயும் வந்துச்சு.

ஏன் பிளக்கைச் சொருகக் கூடாது

முதல் காரணம் அடாப்டர். இன்னைக்கு நாம வாங்கற அடாப்டர் பெரும்பாலும் பின்னோட நடுவுல பாசிட்டிவ். ஸ்பெக்ட்ரத்துக்கு நடுவுல நெகட்டிவ். பின் அளவு ஒத்துப்போகும், சுகமாச் சொருகும், உள்ள போய் நாசம் பண்ணிடும். கிடார் பெடலுக்கு விக்கற 9 வோல்ட் அடாப்டர் நடுவுல நெகட்டிவ்தான், ஆனா அதுலயும் ஒரு ஆம்பியருக்கு மேல தர்றதாப் பார்த்து வாங்கணும்.

ரெண்டாவது காரணம்தான் முக்கியம். இந்த மெஷின்ல கீழ் 16 கே மெமரி, எட்டு 4116 சிப்ல இருக்கு. அந்தக் காலத்து டைனமிக் ரேம். இப்போ மாதிரி ஒரு வோல்டேஜ் போதாது. மூணு வேணும்: +5, +12, -5. இந்த -5 இல்லாம +12 மட்டும் போச்சுன்னா சிப் உள்ளுக்குள்ளயே கெட்டுப்போகும். அந்த +12-ஐயும் -5-ஐயும் போர்டே 9 வோல்ட்ல இருந்து தயாரிச்சுக்குது. ஒரு சின்ன காயில், டி.ஆர்.4, டி.ஆர்.5-னு ரெண்டு டிரான்சிஸ்டர். ஸ்பெக்ட்ரத்துல அடிக்கடி போற இடமே இதுதான். அதாவது மருந்து கொடுக்கற ஆளுக்கே உடம்பு சரியில்ல. அந்த நிலைமையில "சும்மா ஆன் பண்ணிப் பார்ப்போம்"னு போட்டா, நல்லா இருக்கற ரேமும் ஒன்னு ஒன்னாப் போகலாம்.

நான் இதையெல்லாம் அங்கிள்கிட்ட விளக்கிட்டிருந்தேன். அவர் பொறுமையாக் கேட்டுட்டு, "தம்பி, முதல்ல மீட்டரை எடு, அப்புறம் வேதாந்தம் பேசலாம்"னார். எழுபத்தெட்டு வயசு. அதுக்கப்புறம் நடந்த நாலு ஞாயித்துக்கிழமையும் என் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துட்டார்.

கரண்ட் இல்லாமலே கிடைக்கற பதில்கள்

கீழ இருக்கற திருகாணிகளைக் கழட்டி மூடியை மெதுவாத் தூக்கணும். மெதுவான்னா நிஜமாவே மெதுவா. கீபோர்டுல இருந்து ரெண்டு பிளாஸ்டிக் ரிப்பன் போர்டுக்கு வருது, நாற்பது வருஷத்துல அது அப்பளமாயிருக்கும். நான் தொட்டதும் ஒன்னு ஒடிஞ்சுது. அது எதிர்பார்த்ததுதான். ஆர்வலர்கள் புதுசாவே கீபோர்டு மெம்ப்ரேன் செஞ்சு விக்கறாங்க, முன்கூட்டியே ஒன்னு ஆர்டர் போட்டிருந்தேன்.

அடுத்து மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வச்சு, ஒவ்வொரு வோல்டேஜ் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல எவ்வளவு தடை இருக்குன்னு பார்த்தோம். 4116 சிப்போட கால்களே இதுக்கு வசதி: 1-வது கால் -5, 8-வது +12, 9-வது +5, 16-வது கிரவுண்ட். +5 லைன் ஓகே. -5 லைன் ஓகே. +12 லைன்? 14 ஓம்ஸ். ஆயிரக்கணக்குல இருக்க வேண்டிய இடம். 12 வோல்ட் போட்டா கிட்டத்தட்ட 0.9 ஆம்பியர் இழுக்கும். இந்தக் குட்டி சர்க்யூட்டால அதெல்லாம் தரவே முடியாது.

டி.ஆர்.4-ஐ டயோட் மோடுல பார்த்தா கலெக்டரும் எமிட்டரும் ஒட்டிக்கிடுச்சு. செத்தாச்சு.

இப்போ இங்க நிறுத்தி யோசிங்க. யூடியூப்ல தேடினா "ஸ்பெக்ட்ரம் வேலை செய்யலையா, டி.ஆர்.4 மாத்துங்க"ன்னு வரும். மாத்தலாம், ரொம்ப மலிவான பார்ட்தான். ஆனா டி.ஆர்.4 ஏன் செத்துச்சு? +12 லைன்ல யாரோ கரண்டை உறிஞ்சறாங்க, அதைத் தாங்க முடியாம இது செத்துச்சு. உறிஞ்சறவனைப் பிடிக்காம இதை மட்டும் மாத்தினா புதுசும் சாகும். ப்ரொடக்ஷன்ல சர்வீஸ் க்ராஷ் ஆகுதுன்னு ரீஸ்டார்ட் ஸ்கிரிப்ட் போடறோமே, அதே கதை. மெமரி லீக் அங்கேயேதான் இருக்கும்.

அங்கிள் ஒன்னு கேட்டார். "டிரான்சிஸ்டரே ஷார்ட் ஆனதாலதான் அந்த லைன் குறைவாக் காட்டுதோ?" நல்ல கேள்வி. டி.ஆர்.4-ஐக் கழட்டிட்டு மறுபடி அளந்தோம். அதே 14. ஆக இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, குற்றவாளி வேற இடத்துல.

விரல்தான் சென்சார்

+12 லைன்ல யாரெல்லாம் இருக்காங்க? எட்டு ரேம் சிப், கலர் சிக்னல் தயாரிக்கற சிப் ஒன்னு, சில கபாசிட்டர்கள். எல்லாமே போர்டுல சால்டர் பண்ணினது. ஒவ்வொன்னாக் கழட்டிப் பார்க்கலாம்தான். ஆனா 16 கால் சிப் ஒன்னைக் கழட்டும்போதே பழைய போர்டுல செம்புக் கோடு உரிஞ்சு வர வாய்ப்பிருக்கு. எட்டு தடவை அந்த ரிஸ்க் எடுக்க முடியாது.

அதனால வேற வழி. பெஞ்ச் பவர் சப்ளையை வெறும் 2 வோல்ட்ல வச்சு, 200 மில்லி ஆம்பியருக்கு மேல போகாதபடி பூட்டி, அந்த +12 லைன்ல நேரா கொடுத்தோம். நல்ல சிப் எதையும் இந்த 2 வோல்ட் ஒன்னும் பண்ணாது. ஆனா ஷார்ட் எங்க இருக்கோ அங்கதான் கரண்ட் முழுக்கப் பாயும், அந்த இடம் சூடாகும். பஞ்சுல ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு எட்டு சிப் மேலயும் ஒரே மாதிரி தடவினோம். எது முதல்ல காயுதோ அதுதான் ஆள். ரெண்டே நிமிஷம், வரிசையில மூணாவது சிப், ஐ.சி.8, பளிச்சுனு காஞ்சுது. அங்கிள் விரலை வச்சுப் பார்த்து, "ஜுரம் இவனுக்குத்தான்"னார்.

கழட்டும்போது ஒரு கொள்கை வச்சுக்கோங்க: சிப்பைக் காப்பாத்தாதீங்க, போர்டைக் காப்பாத்துங்க. 4116 இன்னும் வாங்கக் கிடைக்கும், போர்டு கிடைக்காது. கட்டர் வச்சு பதினாறு காலையும் வெட்டி, உடம்பைத் தூக்கிட்டு, மிச்சக் கால்களை ஒன்னு ஒன்னா சால்டர் உருக்கி எடுத்தேன். +12 லைனை அளந்தா கிலோ ஓம்ஸ்ல வந்துடுச்சு.

ரிச்சி ஸ்ட்ரீட்ல 16 கால் சாக்கெட்டும் புது எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர்களும் வாங்கினேன். டி.ஆர்.4-க்கான இசட்.டி.எக்ஸ்.650-ஐயும் 4116-ஐயும் ஆன்லைன்ல வரவழைச்சேன். டிரான்சிஸ்டர் போட்டாச்சு, சாக்கெட் போட்டாச்சு, ஆனா புது ரேமை மட்டும் போடலை. முதல்ல வோல்டேஜ் சரியான்னு தெரியணும். 9 வோல்ட் கொடுத்து அளந்தோம்: 5.0, 11.9, -5.1. மூணும் நிக்குது.

டிவியில 32 கோடு

அடுத்து வீடியோ. ஸ்பெக்ட்ரம் பழைய ஆன்டெனா சிக்னல்தான் தரும், யூ.எச்.எஃப். 36-வது சேனல். இப்போ இருக்கற டிவிக்கு வசதியா, மாடுலேட்டர் பொட்டிக்குள்ள போற வீடியோ வயரை நேரா வெளிய எடுத்துக்கலாம், காம்போசிட் கிடைச்சுடும். எந்த நேரமும் பழையபடி மாத்திக்கலாம், எதையும் வெட்ட வேண்டாம்.

ரேம் இல்லாம காலியா இருக்கற சாக்கெட்டோடயே ஆன் பண்ணினேன். திரை முழுக்க சீரான செங்குத்துக் கோடுகள். அங்கிள் எண்ண ஆரம்பிச்சுட்டார். முப்பத்திரண்டு.

இந்த எண்ணிக்கை தற்செயல் இல்ல. ஒவ்வொரு 4116-ம் ஒரு பிட் அகலம்தான். எட்டு சிப் சேர்ந்தாத்தான் ஒரு பைட். திரையில ஒரு வரிக்கு 256 புள்ளி, எட்டு புள்ளிக்கு ஒரு பைட், ஆக வரிக்கு 32 பைட். ஒரு சிப் இல்லைன்னா ஒவ்வொரு பைட்லயும் அதே இடத்து பிட் பொய் சொல்லும். திரையில எட்டு புள்ளிக்கு ஒரு கோடா அது நிக்கும். எட்டுல எந்த சிப் கெட்டதுன்னு திரையே காட்டிக்கொடுக்குது. இவ்வளவு நேர்மையான எரர் மெசேஜை நான் என் வேலையில பார்த்ததே இல்ல.

புது சிப்பைச் சொருகி ஆன் பண்ணினோம். திரை ஒரு நொடி கருப்பாச்சு, மெமரியை அதுவே சோதிச்சுக்கிற நேரம் அது. அப்புறம் வெள்ளை. கீழ ஒரே வரி: © 1982 சின்க்ளேர் ரிசர்ச் லிமிடெட்.

மேல் 32 கே வேலை செய்யுதான்னு பார்க்க வேண்டாமான்னு நான் மேனுவல் தேடறதுக்குள்ள அங்கிள் புதுக் கீபோர்டுல கையை வச்சுட்டார். ஸ்பெக்ட்ரத்துல பிரிண்ட்னு எழுத்து எழுத்தா அடிக்க முடியாது, பி-யை அழுத்தினா முழு வார்த்தையும் வரும். பீக் வேணும்னா ரெண்டு ஷிப்ட்டையும் சேர்த்து அழுத்தி அப்புறம் ஓ. அவர் விரல் அதையெல்லாம் மறக்கல. பிரிண்ட் பீக் 23732 கூட்டல் 256 பெருக்கல் பீக் 23733. என்டர். 65535-னு வந்துச்சு. 48 கே-யும் இருக்குன்னு அர்த்தம். 16 கே மட்டும் இருந்தா 32767-தான் வரும். "இது எப்படி அங்கிள் ஞாபகம் இருக்கு?"ன்னேன். "அங்க ராத்திரி எட்டு மணிக்கு மேல வேற என்ன வேலை?"ன்னார்.

கேசட்: ஒரே ஒரு வாய்ப்பு

மெஷின் ஓடிடுச்சு. ஆனா கேட்டது ப்ரோக்ராம்.

பழைய நாடாவை ஓட்டும்போது காந்தப் பூச்சு உதிரலாம். ரெண்டாவது தடவை கிடைக்காமலே போகலாம். அதனால நேரா ஸ்பெக்ட்ரத்துல ஓட்டலை. நல்லா இருக்கற ஒரு டெக்கோட ஹெட்டைத் துடைச்சு, வேற கேசட் வச்சுப் பழகிப் பார்த்துட்டு, அப்புறம்தான் அந்தக் கேசட்டைப் போட்டு லேப்டாப்ல ரெக்கார்ட் பண்ணினேன். அந்த ஃபைலை லேப்டாப்போட ஹெட்போன் ஜாக்ல இருந்து ஸ்பெக்ட்ரத்தோட இயர் சாக்கெட்டுக்குக் கொடுத்தோம். சிவப்பும் நீலப்பச்சையுமாக் கோடு ஓடுச்சு, அது முன்னோட்ட ஒலி. அப்புறம் நீலமும் மஞ்சளும், அது டேட்டா. ப்ரோக்ராம் பேர் திரையில வந்துச்சு. டீம் லீட் மூச்சு விடாம நின்னாங்க. கடைசியில: டேப் லோடிங் எரர்.

இங்கதான் நம்ம தொழில் உதவிச்சு. ஸ்பெக்ட்ரம் டேப்ல 0-க்கான அலை கிட்டத்தட்ட அரை மில்லி செகண்ட், 1-க்கானது அதுக்கு ரெண்டு மடங்கு. ஒலி ஃபைலைப் பெரிசு பண்ணிப் பார்த்தா கண்ணாலயே படிக்கலாம். ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி அலையெல்லாம் பைட்டா மாத்தினேன். ஒரே ஒரு இடத்துல மட்டும் அலை அமுங்கிப் போயிருந்துச்சு. முன்னாடி இருக்கற பைட்டும் பின்னாடி இருக்கற பைட்டும் சுத்தம். நடுவுல ஒன்னைக் காணோம்.

ஒவ்வொரு பிளாக்கோட கடைசியிலயும் ஸ்பெக்ட்ரம் ஒரு சரிபார்ப்பு பைட் வைக்கும். முன்னாடி இருக்கற எல்லா பைட்டையும் எக்ஸ்ஆர் பண்ணினது. எக்ஸ்ஆர்னா, மாடிப்படி லைட்டுக்கு மேலயும் கீழயும் சுவிட்ச் இருக்குமே, அது மாதிரி. எந்த சுவிட்சைத் தட்டினாலும் நிலை மாறும். கடைசியில லைட் எரியுதா இல்லையான்னும் தெரிஞ்சு, மத்த எல்லாரும் எத்தனை தடவை தட்டினாங்கன்னும் தெரிஞ்சா, விட்டுப்போன ஒருத்தர் தட்டினாரா இல்லையான்னு சொல்லிடலாம். எட்டு பிட்டுக்கும் அதையே பண்ணினா காணாமப் போன பைட் கிடைச்சுடும். ஆனா ஒன்னு மட்டும் போயிருந்தாத்தான். ரெண்டு பைட் போயிருந்தா இந்தக் கணக்கை மட்டும் வச்சு மீட்டிருக்க முடியாது.

விடை 75-னு வந்துச்சு. ஆஸ்கியில 75-னா ஆங்கிலப் பெரிய எழுத்து கே. அதை அந்த இடத்துல வச்சு, திரும்ப ஒலியா மாத்தி, ஸ்பெக்ட்ரத்துக்குக் கொடுத்தோம். லோட் ஆச்சு.

வாய்ப்பாடு கேக்கற ப்ரோக்ராம். 7 பெருக்கல் 8 எவ்வளவு? சரியாச் சொன்னா ஒரு சின்ன ட்யூன் வரும். டீம் லீட் வேணும்னே 54-னு அடிச்சாங்க. திரையில, தமிழை ஆங்கில எழுத்துல அடிச்சு, ஒரு வரி வந்துச்சு: "தப்பு. அம்மா கிட்ட கேளு."

அந்த 'கேளு'வோட முதல் எழுத்துதான் நாடாவுல அழிஞ்சிருந்த பைட்.

அவர் குவைத்ல இருந்து எழுதினப்போ பொண்ணுக்கு ஏழு வயசு. வருஷத்துல ஒரு மாசம்தான் அவர் வீட்டுல. மிச்சப் பதினொரு மாசமும் கேக்கறதுக்கு இருந்தது அம்மாதான். அவங்க இப்போ இல்ல. யாரும் ஒன்னும் சொல்லலை. அங்கிள் மட்டும் கொஞ்ச நேரம் கழிச்சு, "56"-னு அவரே அடிச்சார். ட்யூன் வந்துச்சு.

உங்க வீட்டுப் பரணுக்கு

ஸ்பெக்ட்ரம் உங்க வீட்டுல இல்லாம இருக்கலாம். ஆனா ஒரு டேப் ரெக்கார்டர், ஒரு ஃப்ளாப்பி, ஒரு பழைய கேம்கார்டர் கேசட், செத்துப்போன ஹார்ட் டிஸ்க், ஏதாவது ஒன்னு இருக்கும். அதுக்கு நான் சொல்றது கொஞ்சம்தான்.

ஒன்னு, உடனே கரண்ட் கொடுக்காதீங்க. கரண்ட் இல்லாமலே என்னென்ன தெரிஞ்சுக்க முடியுமோ அதையெல்லாம் முதல்ல தெரிஞ்சுக்கோங்க. ரெண்டு, செத்துப்போன பார்ட்டைக் கண்டுபிடிச்சதும் சந்தோஷப்படாதீங்க, அது ஏன் செத்துச்சுன்னு கேளுங்க. மூணு, ஒவ்வொரு தடவையும் ஒன்னை மட்டும் மாத்தி அளந்து பாருங்க. ரெண்டை ஒண்ணா மாத்தினா எதனால சரியாச்சுன்னு தெரியாது. நாலு, மெஷினுக்குப் பார்ட் கிடைக்கும், நாடாவுல இருக்கறதுக்குக் கிடைக்காது. அதனால மெஷினை எப்போ வேணா சரி பண்ணிக்கோங்க, நாடாவை மட்டும் இந்த வருஷமே காப்பி எடுத்துடுங்க. ஒரு பைட் போயிருந்தா கணக்குப் போட்டு மீட்டுடலாம். காந்தப் பூச்சு அதுக்கு மேல நமக்காகக் காத்திருக்காது.

அஞ்சாவது, எழுதினவங்க பக்கத்துல இருக்கும்போதே உக்காந்து பண்ணுங்க. சர்க்யூட் டயக்ராம் இன்டர்நெட்ல கிடைக்கும். அந்த வரியை ஏன் எழுதினாங்கன்னு அவங்ககிட்டதான் கேக்கணும்.

அடுத்த எபிசோட்ல மறுபடி சாஃப்ட்வேருக்கு வந்துடுவோம். அதுவரைக்கும், பார்த்து சால்டர் பண்ணுங்க.